பாரிஸின் செங்கற்பொடிக் களம்

பாரிஸ் மாநகருக்குப் போய் வந்தோம் என்று சொன்னால், சங்கத்து அன்பர்கள் கேட்கும் முதற் கேள்வி, ஈபெல் கோபுரத்தின் உச்சிவரை ஏறினீர்களா என்பது. இரண்டாவது கேள்வி, சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்பது. ஏறவில்லை, வரிசை மிக நீளமாயிருந்தது. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, வடக்கு இரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளும் உணவகங்களும் தெரு நெடுகிலும் இருக்கின்றன, தோசையும் சாம்பாரும் கிடைத்தன. இவ்விரண்டையும் முதலிலேயே சொல்லிவிட்டோமாதலால், இனி ஒருவரும் கேளாத ஓரிடத்தைப் பற்றி எழுத அனுமதி வேண்டுகிறோம்.

அவ்விடம் நகரின் மேற்கெல்லையில், பூலோஞ் வனத்தின் ஓரத்தில் இருக்கிறது. பெயர் ரோலாங் கரோஸ் டென்னிஸ் அரங்கம். ஆண்டுதோறும் மே மாத இறுதியிலும் ஜூன் மாதத் தொடக்கத்திலும் பிரெஞ்சு நாட்டுப் பெரும்போட்டி நடைபெறுவது அங்கேதான். 2024-ஆம் ஆண்டு மே மாதம், பெரும்போட்டிக்கு முந்திய தகுதிச்சுற்று வாரத்தில், நாங்கள் இருவரும் சுரங்க இரயிலின் பத்தாம் எண் தடத்தில் ஏறி, ஓத்தேய் வாயிலில் இறங்கி நடந்தோம். தகுதிச்சுற்று வாரத்தில் நுழைவுச் சீட்டு எங்களைப் போன்றோர் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. பெயர் பெற்ற ஆட்டக்காரர் பயிற்சி செய்வதையும் பெயர் தெரியாத இளைஞர் உயிரைக் கொடுத்து ஆடுவதையும் ஒரே நாளில் பார்க்கலாம். இரண்டாவதே எங்களுக்குப் பிடித்திருந்தது.

அரங்கத்தின் பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ரோலாங் கரோஸ் என்பவர் பெரிய டென்னிஸ் வீரர் போலும் என்று எண்ணுவோர் பலர். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். அவர் விமானி. 1913-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் மத்தியதரைக் கடலை இடையில் எங்கும் இறங்காமல் விமானத்தில் கடந்தவர். முதல் உலகப் போரில், 1918-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள், தம் முப்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு நாள் முன்னதாக, வானப் போரில் உயிர் துறந்தார். அவர் பிறந்த ஊர் இந்துமகா சமுத்திரத்திலுள்ள ரியூனியன் தீவின் தலைநகரான சாங் தெனி. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் பல்லாயிரவராக இன்றும் வாழும் தீவு அது. அங்கே அவர்களை ‘மலபார்’ என்று அழைக்கிறார்கள். மொழி பெரும்பாலும் மறைந்துபோயிற்று. ஆனால் மாரியம்மன் கோயிலும் தீமிதியும் காவடியும் மறையவில்லை. அத்தீவின் விமான நிலையத்திற்கும் இவ்விமானியின் பெயரே. பாரிஸில் டென்னிஸ் களத்தைக் காணச் சென்ற இடத்தில், நம்மவர் சென்று குடியேறிய தீவொன்றின் மைந்தர் எதிர்ப்பட்டது எங்களுக்கு வியப்பாயிருந்தது.

அரங்கம் எழுந்த கதையும் சுவையானது. 1927-இல் போரோத்ரா, ப்ருஞோன், கோஷே, லக்கோஸ்த் என்னும் நால்வர் அமெரிக்க மண்ணிலேயே அமெரிக்கரை வென்று டேவிஸ் கோப்பையைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தனர். மறு ஆண்டு அதைக் காக்கும் ஆட்டம் தாயகத்தில் நடைபெற வேண்டும். அதற்கேற்ற களம் பாரிஸில் இல்லை. ஒரு விளையாட்டு மன்றத்தார் நிலம் கொடுத்தனர். போரில் மாண்ட தங்கள் தோழர் கரோஸின் பெயரை அரங்கத்துக்கு இடவேண்டும் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. 1928-இல் அரங்கம் எழுந்தது. அதே அரங்கத்தில் 1939-இல் போர் மூண்டபோது, அயல்நாட்டிலிருந்து வந்து பிரான்சில் தஞ்சம் புகுந்திருந்தோர் பலரை அரசாங்கத்தார் பிடித்து அடைத்து வைத்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எழுத்தாளர் ஆர்தர் கெஸ்ட்லர் அவர்களுள் ஒருவர். வரவேற்பறைச் சுவர்களில் கோப்பைகளின் படங்கள் தொங்குகின்றன. அந்த நாட்களின் படம் எதுவும் எங்கள் கண்ணிற் படவில்லை.

இனிக் களத்துக்கு வருவோம். செம்மண் களம், களிமண் களம் என்றெல்லாம் நாம் சொல்வது வழக்கம். உண்மையில் அங்கே மேலே கிடப்பது மண்ணன்று. இடித்துத் தூளாக்கிய செங்கல். அதுவும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் கனந்தான்! அதற்கடியில் ஆறேழு சென்டிமீட்டர் கனத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நொறுக்கப்பட்டுப் பரப்பப்பட்டிருக்கிறது. அதற்குங் கீழே நிலக்கரிக் கசடு. அதற்குங் கீழே சரளைக்கல். கோலப்பொடி தூவினாற்போல மேலே கிடக்கும் அந்தச் செந்தூள்தான் உலகம் முழுவதும் அக்களத்தைச் சிவப்பாகக் காட்டுகிறது. 1880-ஐ ஒட்டி, ஆங்கிலேயச் சகோதரர்களான ரென்ஷா இருவர், கான் நகரத்து வெயிலில் தங்கள் புல்தரை கருகிப் போவதைக் கண்டு, பக்கத்து ஊராகிய வலோரிசில் உடைந்து கழிந்த மண்பாண்டங்களைப் பொடியாக்கி மேலே தூவினார்கள் என்றும், இவ்வகைக் களத்தின் தொடக்கம் அதுவே என்றும் கூறுவர். குயவர் வீட்டு ஓட்டாஞ்சல்லி இவ்வளவு பெரும் பதவிக்கு உயர்ந்தது வேறெங்கும் இராது.

இந்தத் தூளில் பந்து விழுந்தால் வேகம் குறைந்து மேலெழும்பும். புல்தரையில் ஒரே அடியில் முடிந்துபோகும் ஆட்டம் இங்கே இருபது அடிகளுக்கு நீளும். காற்புறம் சறுக்கிக்கொண்டே போய்ப் பந்தை எடுக்க வேண்டும். வலிமையைவிடப் பொறுமையே இங்கே பெரிது. பார்வையாளர் வரிசையின் விளிம்பில், விடாப்பிடி மிக்கவருக்கே வெற்றி என்னும் பொருளில் ஒரு வாசகம் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பந்து விழுந்த இடத்தில் சுவடு பதியும். கோட்டுக்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்று ஐயம் எழுந்தால், நடுவர் தம் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, சுவடியைப் படிக்கும் பண்டிதரைப் போல அந்தச் சுவட்டைப் படிப்பார். பிற பெரும்போட்டிகளில் கோட்டைக் காக்கும் வேலையை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்ட பின்னரும், 2025-ஆம் ஆண்டுப் போட்டி வரையில் இங்கே மனிதக் கண்ணும் இந்தச் சுவடுமே தீர்ப்பு வழங்கின.

எங்கள் பயணத்துக்கே அத்தகைய சுவடு ஒன்றுதான் காரணம். அது பதிந்தது 1999-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், சனிக்கிழமை மாலை.

அன்று இந்தியாவில் டென்னிஸைப் பற்றி நினைத்தவர் சிலரே. இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்தது. முந்திய நாள்தான் ஓவல் மைதானத்தில் நம் அணி ஆஸ்திரேலியாவிடம் தோற்றிருந்தது. எங்கள் குடியிருப்பே துக்க வீடு போலிருந்தது. அந்தத் துக்கத்தைத் தணிப்பதற்காகத்தான் நாங்கள் தொலைக்காட்சியில் பாரிஸ் பெண்கள் இறுதியாட்டத்தைத் திருப்பினோம். பதினாறு வயது மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பக்கம் ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராப். முப்பது வயது நிறைய ஒன்பது நாட்களே இருந்தன. 1987-இல் இதே களத்தில் நவரத்திலோவாவை வென்று தம் முதற் பெரும்பட்டத்தைப் பெற்றவர். 1988-இல் நான்கு பெரும்பட்டங்களையும் ஒலிம்பிக் தங்கத்தையும் ஒரே ஆண்டில் வென்றவர். ஆயினும் 1996-க்குப் பிறகு பெரும்பட்டம் ஒன்றுமில்லை. 1997-இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அதன் பிறகு காயத்தின்மேற் காயம். அவர் காலம் முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. இம்முறை எப்படியோ காலிறுதியில் டேவன்போர்ட்டையும் அரையிறுதியில் செலஸையும் வீழ்த்தி வந்திருந்தார்.

மறுபக்கம் மார்ட்டினா ஹிங்கிஸ். வயது பதினெட்டு. உலகத் தரவரிசையில் முதலிடம். பிற மூன்று பெரும்பட்டங்களும் அவர் கையில் ஏற்கெனவே இருந்தன. பாரிஸ் ஒன்றே பாக்கி. கோசித்செ என்னும் ஊரில் பிறந்து, சிறுமியாயிருக்கையில் தாயுடன் சுவிட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தவர். தாயே ஆசிரியை. நவரத்திலோவாவின் நினைவாக மகளுக்கு மார்ட்டினா என்று பெயரிட்ட தாய். 1993-இல், பன்னிரண்டு வயதில், இதே அரங்கத்தில் சிறுமியர் பட்டத்தை வென்றவர். அதே ஆண்டு பெரியோர் பட்டத்தை வென்றவர் ஸ்டெஃபி. ஸ்டெஃபியின் காலம் கடந்துவிட்டது என்ற பொருளில் இந்தப் பெண் முன்னர் ஒருமுறை பேசியதும் உண்டு. எனவே எங்கள் வீட்டில் பெரியவர் இருவரும் ஸ்டெஃபி கட்சி. மகள் ஹிங்கிஸ் கட்சி.

முதல் செட்டை ஹிங்கிஸ் 6-4 என வென்றார். இரண்டாம் செட்டில் 2-0 என முந்தினார். ஸ்டெஃபியின் முகத்தில் களைப்புத் தெரிந்தது. மூன்றாம் கேமின் முதற் புள்ளியில் ஹிங்கிஸ் திருப்பியடித்த பந்து பின்கோட்டருகே விழுந்தது. வெளியே என்றனர். நடுவர் இறங்கி வந்து சுவட்டைப் பார்த்து, வெளியேதான் என்றார். ஹிங்கிஸ் ஒப்பவில்லை. வலையைச் சுற்றிக்கொண்டு எதிராளியின் பக்கத்துக்கே நடந்துபோய், இதோ என்று சுவட்டைச் சுட்டிக் காட்டினார். எதிராளியின் பக்கத்துக்குள் காலெடுத்து வைப்பது விதிக்கு மாறு. முன்பே ஓர் எச்சரிக்கை பெற்றிருந்தாராதலால், இம்முறை ஒரு புள்ளி தண்டமாகப் பறிக்கப்பட்டது. கூட்டம் கொதித்தெழுந்தது. சீழ்க்கையும் கூச்சலும் எழுந்தன. அதுமுதல் ஹிங்கிஸ் தொட்ட பந்துக்கெல்லாம் எள்ளல்; ஸ்டெஃபியின் ஒவ்வொரு புள்ளிக்கும் கரகோஷம்.

எனினும் 5-4 என்ற நிலையில் பட்டத்துக்கான சர்வீஸ் ஹிங்கிஸின் கையில் இருந்தது. மூன்று புள்ளிகள் எடுத்தால் பட்டம் அவருடையது என்ற இடம் வரை வந்துவிட்டார். அங்கிருந்துதான் ஸ்டெஃபி திரும்பினார். வலப்புறத்து ஓங்கியடி பழைய வீச்சோடு வந்தது. இடப்புறத்தில் பந்தின் அடியைச் சீவித் தாழ அனுப்பும் அந்த அடி, தூளில் எழும்பாமல் வழுக்கிச் சென்றது. அந்தக் கேமைப் பறித்தார். செட்டை 7-5 என வென்றார். மூன்றாம் செட்டில் 3-0 என்று போய்விட்டது. தோல்வி வாயிலில் நின்ற ஹிங்கிஸ், கடைசிப் புள்ளியைத் தள்ளிப்போடக் கையைக் கீழிருந்து வீசிப் பந்தைப் போட்டார். குழந்தைகள் தெருவில் ஆடுவது போன்ற அந்தச் சர்வீஸைக் கண்டு கூட்டம் மேலும் கத்தியது. 6-2. ஸ்டெஃபிக்கு ஆறாவது பிரெஞ்சுப் பட்டம், மொத்தத்தில் இருபத்திரண்டாவது பெரும்பட்டம், கடைசியும் அதுவே. ஒரே போட்டியில் தரவரிசையின் முதல் மூவரையும் வென்றிருந்தார். ஆகஸ்டு மாதத்தில் ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார்.

வீட்டில் நாங்கள் கைதட்டினோம். தொலைக்காட்சிப் பெட்டியில் ஹிங்கிஸ் களத்தை விட்டு வெளியேறிவிட்டார். பரிசளிப்புக்கு அவர் வரவில்லை. சற்று நேரங்கழித்துத் தாய் தோளை அணைத்து அழைத்துவந்தார். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார். “பெரியவர்களை மதியாத பெண்ணுக்கு இது வேண்டியதுதான்” என்று நாங்கள் சொன்னோம். மகள் எழுந்து நின்றாள். “பதினையாயிரம் பேர் ஒரு பெண்ணைப் பார்த்துக் கத்துகிறார்கள், நீங்களும் சேர்ந்துகொண்டு கத்துகிறீர்களே, அப்பா!” என்றாள். அம்மாவையும் அவள் விடவில்லை. “அவளுக்கு அம்மா ஒருத்திதான் அங்கே. நான் அழுதால் நீயும் இப்படித்தான் கைதட்டுவாயா?” என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அன்றிரவு சாப்பிடவில்லை.

பத்தாம் வகுப்பு வரையில் மூன்று மாநிலங்களில் மூன்று பள்ளிகளை மாற்றிய பெண் அவள். ஒவ்வொரு பள்ளியிலும் முதல் சில மாதங்கள் எப்படிக் கழிந்தன என்று எங்களிடம் சொன்னதில்லை; நாங்களும் கேட்டதில்லை. வகுப்பு முழுவதும் ஒருத்தியைப் பார்த்துச் சிரிப்பது எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது என்று பல ஆண்டுகள் கழித்தே விளங்கிற்று.

அந்தப் போட்டி வேறு வகைகளிலும் மறக்கத்தகாதது. மறுநாள் ஆண்கள் இறுதியில் ஆந்திரே அகாசி முதலிரண்டு செட்டுகளை 1-6, 2-6 என்று இழந்து, பிறகு மூன்றையும் எடுத்து மெட்வெடேவை வென்றார். அந்த அகாசியும் ஸ்டெஃபியும் 2001-இல் மணம் புரிந்துகொண்டது யாவரும் அறிந்ததே. ஆண்கள் இரட்டையரில் நம் லியாண்டர் பயஸும் மகேஷ் பூபதியும் பட்டம் வென்றதும் அதே போட்டியில்தான். அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன், 1979-இல், சென்னையின் ரமேஷ் கிருஷ்ணன் இங்கே சிறுவர் பட்டத்தை வென்றிருக்கிறார். கிரிக்கெட் துக்கத்தில் இருந்த நம் குடியிருப்பில் இவற்றைக் கொண்டாடியவர் எத்தனை பேர் என்று கேட்காதிருப்பதே நல்லது.

ஹிங்கிஸுக்குப் பாரிஸ் ஒற்றையர் பட்டம் பின்னர் ஒருபோதும் வாய்க்கவில்லை. கணுக்கால் காயங்களால் 2003-இல், இருபத்திரண்டு வயதில், ஆட்டத்தை விட்டார். திரும்பி வந்தார், மறுபடி விட்டார், மறுபடி வந்தார். 2015-இல் சானியா மிர்சாவுடன் சேர்ந்து விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் வென்றபோது நம் நாட்டுப் பத்திரிகைகளெல்லாம் அவர் படத்தைப் போட்டன. 2016-இல் கலப்பு இரட்டையரில் லியாண்டர் பயஸைத் துணையாகக் கொண்டு இதே ரோலாங் கரோஸில் இறுதியாட்டத்துக்கு வந்தார். எதிரே சானியாவும் அவர் துணைவர் டோடிக்கும். முதல் செட்டை 4-6 என இழந்து, அடுத்ததை 6-4 என எடுத்து, முடிவைத் தீர்க்கும் நீள்புள்ளி ஆட்டத்தை 10-8 என வென்றனர். அவ்வாண்டு எங்கள் மகள் தொலைபேசியில் அழைத்து, “அப்பா, பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டாள். பார்த்தோம் என்றோம். அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நாங்கள் பாரிஸுக்குப் புறப்பட்டபோது அவள் வேறெதுவும் வாங்கி வரச் சொல்லவில்லை. வாசனைத் திரவியமும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம். “அந்தச் சுவடு விழுந்த கோட்டைப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றாள்.

நடுக்களத்துக்கு 2001 முதல் பிலிப் ஷாத்ரியே அரங்கு என்று பெயர். 1999-இல் கூட்டம் கத்திய வரிசைகளிற் பெரும்பகுதி இப்போது இல்லை. அவற்றை இடித்துவிட்டு 2019-இல் புதிதாக எழுப்பியிருக்கிறார்கள். 2020 முதல் மேலே நீண்டு மூடும் கூரையும் உண்டு. வெளியே நடால் எஃகுச் சிலையாக நிற்கிறார். பதினான்கு முறை வென்றவருக்கு அது தகும். பக்கத்தில் ஓத்தேய் தோட்டத்துப் பழைய கண்ணாடிப் பசுங்கூடங்களின் நடுவே 2019-இல் இன்னொரு களத்தை அமைத்திருக்கிறார்கள். செடிகொடிகள் நான்கு பக்கமும் சூழ, நடுவே சிவப்புக் களம்! டென்னிஸில் விருப்பமில்லாதவரும் அதைப் பார்க்கலாம்.

நடுக்களத்தில் அன்று இரு ஆட்டக்காரர்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். முடித்துவிட்டுப் போனதும் பணியாளர் சிலர் வந்தனர். அகலமான வலைகளைத் தரையில் போட்டு, வட்டவட்டமாக இழுத்துக்கொண்டு நடந்தனர். ஒருவர் நீண்ட துடைப்பத்தால் வெள்ளைக் கோடுகளைப் பெருக்கினார். இன்னும் இருவர் குழாயைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் தெளித்தனர். ஈரமில்லாவிட்டால் தூள் காற்றோடு போய்விடுமாம். வாசல் தெளித்துக் கோலம் போடுமுன் நம் வீட்டுப் பெண்கள் செய்யும் வேலையே அது. ஐந்தாறு நிமிடங்களில் களம் முழுவதும் ஒரு சுவடும் இன்றி, செம்பட்டு விரித்தாற்போல ஆயிற்று.

நாங்கள் களத்தின் ஒரு பக்கத்துப் பின்கோட்டைப் படம் எடுத்தோம். பிறகு வரிசைகளைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அந்தப் பின்கோட்டையும் எடுத்தோம். இரண்டையும் அங்கிருந்தே மகளுக்கு அனுப்பினோம். “அன்றைக்கு நாங்கள் கைதட்டியிருக்கக்கூடாது” என்று கீழே ஒரு வரி எழுதினோம். அதை எழுதலாமா என்று சற்றே தயங்கினோம், எழுதினோம்.

சாயங்காலம் அறைக்குத் திரும்பியபோது எங்கள் செருப்புகளிலும் சேலைக் கரையிலும் செந்தூள் படிந்திருந்தது. வெளிக்களங்களில் நடந்த வழிகளிலெல்லாம் காற்று அதைத் தூவியிருக்கிறது. கரையைக் குழாயடியில் அலசிக்கொண்டிருக்கையில் பதில் வந்தது.

“தெரியும், அப்பா. அம்மாவிடமும் சொல்லுங்கள். இரண்டாவது படத்தில் உங்கள் விரல் விழுந்திருக்கிறது.”